ஒரு போட்டோ, இரண்டு கதை

எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ இருக்கிறது. ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி, பக்கத்தில் பூச்சாடி வைத்த ஸ்டூல். நடுவில் என் அப்பா, விறைப்பாக. இடது மணிக்கட்டில் பளபளவென்று ஒரு வாட்ச்.

'முதல் மாசச் சம்பளத்துல வாங்கினதுடா' என்பார் அப்பா.

'பொய்யி! போட்டோவுக்காக ஸ்டுடியோக்காரர் மாட்டிவிட்டது அது. எடுத்து முடிச்ச கையோட கழட்டி வாங்கிக்கிட்டாரு' என்பார் அத்தை.

இரண்டு பேரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. இன்று இருவருமே இல்லை. போட்டோ மட்டும் இருக்கிறது. அது வாயைத் திறப்பதில்லை.

உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இப்படி ஒரு பஞ்சாயத்து கட்டாயம் இருக்கும். வீட்டு போட்டோவுக்கே இந்தக் கதி என்றால், உலகமே பார்த்த போட்டோவுக்கு?

1936, மார்ச் மாதம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம். 1929ல் பங்குச்சந்தை விழுந்ததில் தொடங்கிய பொருளாதார மந்தம் இன்னும் விட்டபாடில்லை. ஒக்லஹாமா பக்கம் வறட்சி, புழுதிப் புயல். நிலத்தை இழந்த விவசாயிகள் ஓட்டைக் கார்களில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கூலி வேலை தேடி கலிஃபோர்னியாவுக்கு வந்து குவிகிறார்கள். இவர்களின் நிலைமையைப் படம் பிடித்துவர அரசாங்கம் அனுப்பிய போட்டோகிராபர்களில் ஒருவர் டோரதியா லாங். சின்ன வயதில் போலியோ தாக்கி, ஒரு கால் சற்றே சாய்த்து நடக்கும் பெண்மணி.

ஒரு மாத அலைச்சல் முடிந்து, மழையில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார் லாங். நிபோமோ என்ற ஊருக்கருகே சாலையோரம் ஒரு போர்டு. 'பட்டாணி பறிப்போர் முகாம்'. பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்து போய்விட்டார். மனசு கேட்கவில்லை. 'போதும், நிறைய எடுத்தாச்சு' என்கிறது ஒரு குரல். 'திரும்பிப் போ' என்கிறது இன்னொன்று. சுமார் 32 கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு வண்டியைத் திருப்பினார்.

முகாமில் நேரே அவர் கண்ணில் பட்டது ஒரு கூடாரம். அதில் ஒரு தாய், சுற்றிலும் குழந்தைகள். பத்தே நிமிடம். சில படங்கள். வேறு யாரையும் எடுக்காமல் கிளம்பிவிட்டார்.

அதில் ஒரு படத்தை நீங்கள் நிச்சயம் எங்காவது பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் கை வைத்துத் தூரத்தை வெறிக்கும் தாய். மடியில் கைக்குழந்தை. இரண்டு தோளிலும் முகம் புதைத்துத் திரும்பி நிற்கும் இரு பிள்ளைகள். பின்னாளில் அதற்கு வந்து சேர்ந்த பெயர், 'புலம்பெயர்ந்த தாய்'.

அதே மாதம் சான்ஃபிரான்சிஸ்கோ நாளிதழில் அந்த முகாமின் படங்கள் வெளிவந்தன. பட்டாணிப் பயிர் குளிரில் கருகிவிட்டது, வேலை இல்லை, ஜனங்கள் பட்டினி என்று செய்தி. அரசு பதறிப்போய் சுமார் 9,000 கிலோ உணவுப்பொருளை அனுப்பிவைத்தது.

1960ல் ஒரு புகைப்பட இதழில் லாங் இந்தக் கதையை எழுதினார். அந்தப் பெண்ணுக்கு வயது 32. வயலில் உறைந்துபோன காய்கறியையும், பிள்ளைகள் அடித்த பறவைகளையும் தின்று உயிர் வாழ்ந்தார்கள். காரின் டயர்களை விற்றுத்தான் அப்போது சாப்பாடு வாங்கியிருந்தார்கள். எல்லாம் சொன்ன லாங் இதையும் சொன்னார்: அவர் பெயரையோ பூர்வீகத்தையோ நான் கேட்கவில்லை.

பி.காம். முதல் வருடத்தில் எங்களுக்கு நடத்திய முதல் பாடம் நினைவுக்கு வருகிறது. எந்தக் கணக்குக்கும் இரண்டு பக்கம் உண்டு. பற்று எழுதினால் வரவும் எழுதியாக வேண்டும். இந்தக் கணக்கில் 42 வருடம் ஒரு பக்கம் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. இன்னொரு பக்கம் திறந்தது 1978ல்.

மொடெஸ்டோ என்ற ஊரில் ஒரு பாட்டியைப் பத்திரிகைக்காரர் கண்டுபிடித்தார். ஃபிளாரன்ஸ் தாம்ப்சன். படத்தில் இருப்பது நான்தான் என்றார். பெருமையாக இல்லை, கோபமாக. என் பெயரைக் கேட்கவில்லை. படத்தை விற்க மாட்டேன் என்றார். ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பவில்லை. எனக்கு அதில் ஒரு சல்லிக்காசு கிடைத்ததில்லை. இதுதான் ஃபிளாரன்ஸ் தரப்பு.

பிள்ளைகள் இன்னும் விவரமாகச் சொன்னார்கள். நாங்கள் பட்டாணி பறிக்க அங்கே போகவில்லை, வழியில் கார் ரிப்பேர். ஆண்கள் பாகத்தைச் சரிசெய்ய டவுனுக்குப் போயிருந்தார்கள். டயரை விற்றோமா? அதே டயரில்தானே அங்கிருந்து கிளம்பினோம்! லாங் வேறு யாரோ சொன்ன கதையை எங்களோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார் என்பது மகனின் முடிவு.

புழுதிப் புயல் துரத்திய வெள்ளைக்கார விவசாயி மனைவி என்றுதான் ஊர் உலகம் நினைத்திருந்தது. ஃபிளாரன்ஸோ செரோக்கி பழங்குடிப் பெண். 1920களிலேயே கலிஃபோர்னியா வந்துவிட்டவர். பாருங்கள், ஒரு பெயரைக் கேட்டிருந்தால் இத்தனையும் தெரிந்திருக்கும்.

அப்படியானால் லாங் ஏமாற்றுக்காரியா? அவசரப்படாதீர்கள். படம் அரசாங்கச் சொத்து. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பிரசுரமான ஒவ்வொரு முறையும் லாங்குக்குக் காசு வந்துவிடவில்லை. தவிர, 1965லேயே அவர் இறந்துவிட்டார். ஃபிளாரன்ஸ் பேசியபோது பதில் சொல்ல ஆள் இல்லை. முகாமில் இருந்த பசியும் பொய்யில்லை. அரசு அனுப்பிய உணவு பல வயிறுகளை நிறைத்தது. ஆனால் ஃபிளாரன்ஸுக்கு அதில் ஒரு கவளம்கூடக் கிடைக்கவில்லை. லாரிகள் வருவதற்குள் குடும்பம் அந்த இடத்தைவிட்டுப் போய்விட்டது.

கடன் கடைசியில் ஓரளவு தீர்ந்தது. 1983ல் ஃபிளாரன்ஸ் நோயில் படுத்தார். வைத்தியச் செலவுக்குப் பணமில்லை. அந்தப் படத்தில் இருக்கும் தாய் இவர்தான் என்று பிள்ளைகள் உதவி கேட்டார்கள். முகம் தெரியாதவர்கள் கடிதங்களோடு பணமும் அனுப்பினார்கள். சேர்ந்தது சுமார் 35,000 டாலர். அந்தப் படத்தை அவமானமாக நினைத்து வளர்ந்த பிள்ளைகள், கடிதங்களைப் படித்த பிறகுதான் அம்மா மற்றவர்களுக்கு என்னவாக இருந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டார்கள். அதே செப்டம்பரில், 80 வயதில் ஃபிளாரன்ஸ் இறந்தார்.

இதை எழுதுவதற்காக அப்பாவின் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில், பாதி திரைக்கு வெளியே, ஒரு சிறுமி நிற்கிறாள். இடுப்பில் என் அக்கா, கைக்குழந்தையாக. வீட்டு வேலைக்கு வந்த பெண் என்று எப்போதோ யாரோ சொன்ன ஞாபகம். அப்பாவும் அத்தையும் ஆயுசு முழுக்க வாட்சுக்காகச் சண்டை போட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிறுமியின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்கலாம் என்றால், சொல்ல ஆளில்லை.

உங்கள் வீட்டில் இன்னும் ஆள் இருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை எடுங்கள். நடுவில் உட்கார்ந்திருப்பவரை விடுங்கள். ஓரத்தில் நிற்பவரைக் காட்டிக் கேளுங்கள். படத்துக்குப் பின்னால் பென்சிலால் பெயரை எழுதி வையுங்கள்.