உடற்பருமனும் டொபமினும்: ஒரு வேரில் தொடங்கிய வரலாறு



உடம்பு பருத்த ஒருவரைக் கண்டால் "வாயைக் கட்டுங்க" என்று நாம் இலேசாகச் சொல்லிவிடுகிறோம். கலியாண வீட்டுச் சஹனில் பக்கத்தில் இருந்துகொண்டும் சொல்கிறோம். வாய் மட்டும்தானா காரணம்? கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

ஹகீம் அஜ்மல் கானின் விருப்பப்படி டில்லியில் யூனானி மூலிகைகளை ஆராய்ந்தவர் இரசாயனவியலாளர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி. 1931இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, மறைந்த ஹகீமின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். அதே வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் ரிசர்பினை எடுத்தார்கள். இரத்த அழுத்தத்துக்கு அது மருந்தானது.

1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் ரிசர்பினை முயல்களுக்கு ஏற்றினார். அவை அசையாமல் கிடந்தன. மூளைக்குள் டொபமினாக மாறும் எல்-டோபாவை ஏற்றியதும் எழுந்து நடமாடின. டொபமின் மூளையின் தூதுப்பொருள் என்று தெரியவந்தது இப்படித்தான். 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

டொபமினை ஆசையைத் தூண்டும் பொருளாகவே நாம் அறிவோம். அதற்கு வேறு வேலையும் உண்டு. கபச்சுரப்பியிலிருந்து புரோலக்டின் என்ற ஓமோன் அளவுமீறி வராமல் அடக்கி வைப்பது அதுதான்.

திருக்கோவிலுக்குத் தெற்கே குமணவுக்கு வருடந்தோறும் வலசைப் பறவைகள் வருகின்றன அல்லவா? அப்படிப்பட்ட பறவைகள் பயணத்துக்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் லூசியானாவில் ஆல்பர்ட் மயர் 1960களில் வலசைச் சிட்டுகளை ஆராய்ந்தார். புரோலக்டினை நாளின் ஒரு நேரத்தில் ஏற்றினால் அவை கொழுத்தன. வேறு நேரத்தில் ஏற்றினால் மெலிந்தன. ஓமோனின் அளவைப் போலவே வேளையும் முக்கியம் என்று தெரிந்தது.

பின்னர் அவரும் அந்தோனி சின்கோட்டாவும் புரோமோகிரிப்டினைச் சோதித்தார்கள். அது டொபமினைப் போல வேலைசெய்யும் மருந்து. இன்சுலினுக்கு உடல் இணங்காத நிலையை அது விலங்குகளில் தணித்தது. 2009இல் அமெரிக்கா அதை இரண்டாம் வகைச் சீனி வருத்தத்துக்கு அனுமதித்தது. காலையில் எழுந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுடன் எடுக்க வேண்டும். மெலிய வைக்கும் குளிசை அல்ல இது. வைத்தியர் சொல்லாமல் யாரும் தொட வேண்டாம்.

இதனால் உணவில் கட்டுப்பாடு தேவையில்லை என்றாகாது. வயிற்றை மூன்றாகப் பங்கிடும் நபிவழி நமக்குண்டு. ஆனால் பசியும் கொழுப்பும் சீனியும் மூளையின் சமிக்ஞைகளோடு பின்னிக் கிடக்கின்றன. எனவே வகுப்பில் ஒரு பிள்ளையை "குண்டன்" என்று அழைத்தால், சிரிப்பவர்களோடு நாமும் சேர்ந்து சிரிக்காமல் இருப்போம். அந்தப் பிள்ளையைக் கிளினிக்குக்கு அனுப்புமாறு பெற்றோரிடம் தனியாக, பக்குவமாகச் சொல்வோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.