விமானி குதித்த பிறகும் பறந்த விமானம்

1989 என்றால் எல்லோருக்கும் பெர்லின் சுவர். எனக்கு அதற்கு நாலு மாதம் முந்தைய ஒரு காலை நேரம்தான் ஞாபகம் வரும்.

ஜூலை 4. போலந்தின் பால்டிக் கடலோரம், கொவோப்ஜெக் நகருக்குப் பக்கத்தில் இருந்த சோவியத் விமானத் தளம். கர்னல் நிகோலாய் ஸ்குரிதின் வழக்கமான பயிற்சிக்காக ஒரு மிக்-23 போர்விமானத்தில் கிளம்புகிறார். மேலே ஏறும்போதே ஆஃப்டர்பர்னர் கோளாறு. எஞ்சினின் கூடுதல் உந்துவிசை போய்விட்டது. உயரம் சுமார் 150 மீட்டர்தான், அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. அந்த உயரத்தில் யோசிக்க ஏது நேரம்? எஜெக்ட் கைப்பிடியை இழுத்தார். மேல்மூடி கழன்று பறக்க, இருக்கை அவரோடு வெளியே பாய்ந்தது. பாராசூட்டில் இறங்கிப் பிழைத்தார்.

ஆனால் எஞ்சின் அணையவில்லை. ஆளில்லாத மிக், ஆட்டோபைலட்டில் மேற்கு நோக்கிப் பறந்தது. கிழக்கு ஜெர்மனியைத் தாண்டி மேற்கு ஜெர்மனிக்குள் நுழைந்துவிட்டது. எல்லை தாண்டி வரும் ஒரு சோவியத் போர்விமானம்! நேட்டோ நாற்பது வருடமாகப் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தானே. நெதர்லாந்தின் சுஸ்டர்பெர்க் தளத்திலிருந்து இரண்டு அமெரிக்க எஃப்-15கள் விரைந்தன. பக்கத்தில் போய்ப் பார்த்தால் மூடியும் இல்லை, ஆளும் இல்லை.

சுட்டால் கீழே இருக்கும் ஊர்கள்மேல் விழும். வடகடல் பக்கம் போனதும் வீழ்த்திக்கொள்ளலாம் என்று கூடவே பறந்தார்கள். அதற்குள் எரிபொருள் தீர்ந்துபோய், விமானம் மெல்லத் தெற்கே திரும்பிவிட்டது. சுமார் 900 கிலோமீட்டர் கடந்து, பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் அருகே ஒரு வீட்டின்மேல் விழுந்தது. இருபது வயதைக்கூடத் தொடாத ஒரு பையன் அங்கேயே இறந்துபோனான்.

சிலர் விமானியைக் குறை சொல்வார்கள். என்னால் முடியவில்லை. விழப்போகும் விமானத்திலிருந்து வெளியேறச் சொல்லித்தானே அவருக்குப் பயிற்சி? எனக்குக் கோபம் வேறு இடத்தில். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அது பறந்தது. சோவியத் தரப்பிலிருந்து எச்சரிக்கையே வரவில்லை என்று பெல்ஜிய வெளியுறவு அமைச்சர் மார்க் ஐஸ்கென்ஸ் கண்டித்தார். விமானத்தில் அணு ஆயுதமோ நச்சு ஆயுதமோ இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கும் அவர்கள் தாமதித்தார்கள். ஒரு தகவல் வந்திருந்தால் பையன் பிழைத்திருப்பானா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டு இடிபாடுகளுக்குள் போனவர்கள், எதற்குள் போகிறோம் என்றாவது தெரிந்துகொண்டு போயிருப்பார்கள்.