குளம் தேடாத தவளைகளும் கோப்பிக் காலமும்

தோட்டத்து வரலாறு என்றால் எங்கள் எல்லாருக்கும் ஒரு வரிசை மனப்பாடம். கோப்பி, பிறகு தேயிலை, தாழ்ந்த மலைகளில் இறப்பர். துரை, கங்காணி, லயம். 1948 பிரசாவுரிமைச் சட்டம், 1964 ஒப்பந்தம். சப்ரகமுவக்காரர் என்றால் இன்னும் மூன்று வருடங்கள் சேரும்: 1977, 1981, 1983. மலையகம் 200 நிகழ்வுகளிலும் இதே வரிசையைத்தான் கேட்டோம். அந்த வரிசையில் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை. ஆனா இந்த முறை அதே காலத்தைக் கொஞ்சம் கீழே குனிந்து, கானோரத்துச் சருகுக்குள்ளே இருந்து பார்க்கப் போகிறோம். தவளையின் பக்கம் இருந்து.

சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. உலகத்தில் அழிந்துபோனதாகப் பதிவான தவளை, தேரை இனங்களில் ஏறக்குறைய பாதி இந்தச் சின்னத் தீவைச் சேர்ந்தவை. ஏன் இங்கே இவ்வளவு என்று தேடிப் போனால் கதை நேராகக் கோப்பித் தோட்டத்துக்குத்தான் வருகிறது. நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், விலங்கியல் எங்கள் பாடமில்லை. ஆனால் இதை விலங்கியல்காரர்கள் மட்டும் சொல்லி முடிக்க முடியாது.

முதலில் தவளை வளர்வது எப்படி என்று பார்ப்போம். பாடசாலைப் புத்தகத்துப் படம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தண்ணீரில் முட்டை, அதிலிருந்து வாற்பேய், பிறகு பின்கால், முன்கால், வால் சுருங்கி ஒரு குட்டித் தவளை. தோட்டத்துப் பேச்சில் வாற்பேயைத் தலைப்பிரட்டை என்பார்கள். பீலிக்கரைத் தொட்டியில் கலைத்துப் பிடித்து விளையாடாதவர்கள் எங்களில் குறைவு. தண்ணீரில் செவுளால் மூச்சு, கரைக்கு வந்தபின் நுரையீரலாலும் தோலாலும் மூச்சு. இரண்டு உலகத்திலும் வாழ்வதால்தான் ஈரூடகவாழி என்று பெயர்.

இந்தப் படத்திலேயே கொஞ்சம் மாற்றத்தை லயத்துப் பக்கம் பார்க்கலாம். முதுகில் மணற்கடிகாரம் மாதிரி ஒரு கோலம் போட்ட மரத்தவளை ஒன்று குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது தண்ணீருக்குள் முட்டையிடாது. தொட்டிக்கு மேலே தொங்கும் கிளையிலோ சுவரிலோ, பின்காலால் அடித்து அடித்து நுரை எழுப்பி அந்த நுரைக்குள்ளே முட்டையிடும். வெளிப்பக்கம் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிடும், உள்ளே ஈரம். சில நாளில் குஞ்சுகள் சொட்டுச் சொட்டாகக் கீழே தண்ணீரில் விழும். அந்த நுரையை யாரோ துப்பிய எச்சில் என்று கழுவிவிடுகிற வீடுகள் நிறைய.

எங்கள் கதைக்கு நாயகர்கள் இவர்களும் இல்லை. சூடோபிலாட்டஸ் என்ற பேரினத்துச் செடித்தவளைகள்தான். பலது பெருவிரல் நகம் அளவு, பெரியதும் உள்ளங்கைக்குள் அடங்கும். இவற்றுக்கு வாற்பேய்ப் பருவமே கிடையாது. பல இனங்களில் பெண் தவளை சருகை விலக்கி ஈர மண்ணில் சின்னக் குழி பறித்து, முட்டையிட்டு, மண்ணோடு கலந்து மூடிவிட்டுப் போய்விடும். சில இனங்கள் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிவைக்கும். வாற்பேய் செய்யவேண்டிய எல்லாவற்றையும் குஞ்சு முட்டைக்குள்ளேயே செய்து முடித்துவிட்டு, சில மில்லிமீற்றர் நீளத் தவளையாகவே வெளியே வரும். குளமும் வேண்டாம், ஓடையும் வேண்டாம். முட்டை காயாமல் இருந்தால் போதும்.

அந்த ஒரு நிபந்தனைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. குளம் தேவையில்லாததால் இவை செங்குத்தான மலைச்சரிவெங்கும் பரவின. நாளெல்லாம் ஈரமான காடு, ஆழமான சருகு, மேலே மூடிய கிளைகள். ஆனால் காய்ந்த வெளியைத் தாண்டிப் போக முடியாததால் ஒவ்வொரு மலையிலும் அடைபட்டு, காலப்போக்கில் தனித்தனி இனங்களாகப் பிரிந்தன. 2002இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை, இலங்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் இருக்கக்கூடும் என்று சொன்னபோது பலர் நம்பத் தயங்கினார்கள். 2005இல் கெலும் மனமேந்திர ஆரச்சியும் ரொஹான் பெத்தியாகொடவும் ஒரே கட்டுரையில் 27 புதிய இனங்களை விவரித்தார்கள். அவற்றில் பல இரத்தினபுரி மாவட்டத்து இறக்குவானை மலைத்தொடரை விட்டு வேறெங்கும் இல்லாதவை. அவர்கள் தேடிய இடங்களில் ஒன்றின் பெயர் மோர்னிங்சைட். பெயரைக் கேட்டாலே தெரியும், துரை வைத்த பெயர்.

அதாவது ஒரு தோட்டத்தின் பரப்பளவே ஒரு இனத்தின் முழு உலகமாக இருந்திருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு 1840க்குப் போவோம்.

அந்த வருடத்து 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும், உரிமை நிரூபிக்கப்படாவிட்டால் முடிக்குச் சொந்தம் என்றது. முடி அதை விற்றது. ஆரம்பத்தில் ஏக்கருக்கு ஐந்து சிலிங். வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களே நிறையப் பேர். காடு வெட்டிய முறையைக் கோப்பித் துரைமார் தங்கள் குறிப்புகளில் பெருமையோடு எழுதிவைத்திருக்கிறார்கள். சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதிதான் வெட்டுவார்கள். கடைசியில் உச்சியில் நிற்கும் பெரிய மரங்களை முழுதாகச் சாய்ப்பார்கள். அவை விழுந்து அடுத்த வரிசையைச் சாய்க்க, அது அதற்கடுத்ததைச் சாய்க்க, ஒரு மலையே ஒரே இரைச்சலில் படுத்துவிடும். பிறகு சில வாரம் காயவிட்டு நெருப்பு.

இந்த நெருப்புத்தான் எங்களுக்கு முக்கியம். மரம் விழுந்தாலும் சருகு கிடந்தால் செடித்தவளை கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். நெருப்பு சருகை முடித்தது, வெயில் மண்ணை முடித்தது. குளத்துத் தவளைக்கு அப்பவும் குளம் இருந்தது. மண்ணில் முட்டையிடும் தவளைக்கு மண்ணே இல்லாமல் போனது.

‘தோட்டத்து ஆட்கள்தான் காட்டை அழிச்சது’ என்று யாராவது சொல்லும்போது இதைக் கொஞ்சம் கவனிக்கணும். தொடக்க காலத்தில் மரம் வெட்டும் வேலையைப் பல இடங்களில் ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்தவர்கள் சிங்களக் கிராமத்தவர்கள். குழி வெட்டு, நடுகை, களை, பழம் பறிப்பு எங்கள் ஆட்களுக்கு. கூலி வாங்கியவர்களுக்குள் யார் கை கோடரியைப் பிடித்தது என்று சண்டை பிடிப்பதில் எங்களுக்கு ஆர்வமில்லை. சட்டம் எழுதிய கையும், ஐந்து சிலிங்கை வாங்கிய கையும், கொடுத்த கையும் பதிவேட்டில் பெயரோடு இருக்கின்றன. அதைப் படித்தால் போதும். கோப்பி உச்சத்தில் சுமார் 2,75,000 ஏக்கரைத் தொட்டது. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியைக் கொன்றபோது, காடு திரும்ப வரவில்லை, தேயிலை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரித் தாழ்மலைகளில் இறப்பர் வந்தது. தீவின் ஈரவலயத்தில் பழைய காட்டில் இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய 5 சதவீதம்தான்.

தவளைகளுக்குப் பெயர் வைத்ததும் அதே காலத்தில்தான். இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் 1850களில் பல இனங்களை விவரித்தார். லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்த அல்பர்ட் குந்தர், இங்கிருந்து போன போத்தல்களைத் திறந்து ஒவ்வொன்றாக எழுதினார். அந்தப் போத்தல்களில் பலவற்றில் இடம் என்ற இடத்தில் ‘சிலோன்’ என்று மட்டுமே இருக்கிறது. எந்த மலை, எந்த ஓடை, எதுவும் இல்லை. நூற்றைம்பது வருடம் கழித்து மாதவ மீகஸ்கும்புர போன்ற ஆய்வாளர்கள் பழைய போத்தல்களைத் திரும்பப் பார்த்தபோது, யாரும் பிரித்தறியாத இனங்களும் உள்ளே இருந்தன. அதாவது பெயர் கிடைத்த நாளிலேயே அழிந்துவிட்ட இனங்கள். எந்தச் சரிவில் வாழ்ந்தன என்று கேட்டால் ‘சிலோன்’. எந்தக் கப்பலில், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று எங்கள் கொள்ளுப்பாட்டன்களைப் பற்றிக் கேட்டால் கிடைக்கிற பதிலும் கிட்டத்தட்ட இதே நீளம்தான். அவர்களும் தலை எண்ணிக்கையாகத்தான் பதிவானார்கள்.

ஆனா அழிந்தது என்று எழுதப்பட்டதெல்லாம் அழிந்துவிடவில்லை. 1870களில் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காட்டை விற்பதை அரசு நிறுத்தியது. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் எச்சரிக்கை அதற்கு ஒரு காரணம், அதற்குள் நிறையப் போய்விட்டிருந்தாலும். அப்படித் தப்பியதில் ஒரு பெருந்துண்டு சிவனொளிபாதமலையைச் சுற்றிய காடு. 1940இல் சரணாலயமானது, 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்ந்து உலக மரபுரிமைத் தளமானது. அதன் ஒரு பெரும்பக்கம் எங்கள் மாகாணத்துக்குள் இறங்குகிறது. கெலார்ட் 1853இல் விவரித்து, பிறகு ஒன்றரை நூற்றாண்டு யாரும் பார்க்காமல், அழிந்தவை பட்டியலில் இருந்த நட்சத்திரப் புள்ளித் தவளையை மெண்டிஸ் விக்ரமசிங்கவும் குழுவினரும் 2009இல் அந்தக் காட்டில் உயிரோடு கண்டார்கள். அதே குழு 2013இல் அங்கிருந்து எட்டுப் புதிய செடித்தவளைகளையும் விவரித்தது. அதில் ஒன்றுக்கு 1848 கிளர்ச்சியின் புரன் அப்புவின் பெயர்.

இன்னொரு கதை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. குந்தர் 1872இல் விவரித்த கண்டிக் குள்ளத் தேரை, அதற்குப் பிறகு காணவே இல்லை. 2009இல் அதுவும் சிவனொளிபாதமலைக் காட்டு ஓடையில் கிடைத்தது. பிறகு 2015இல் இன்னொரு ஆய்வு, 1998இல் வேறொரு பெயரில் புதிய இனமாக விவரிக்கப்பட்ட தேரையும் இதுவும் ஒன்றே என்றது. அதாவது ‘அழிந்துபோன’ தேரை இடையில் பல வருடம் வேறு பெயரில் வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் வைத்துக்கொண்டு அலையும் தோட்டத்து ஆட்களுக்கு இது புதுசா என்ன.

காட்டுக்குள் மட்டும் பார்த்துவிட்டு முடிக்க முடியாது. தோட்டத்துக்குள்ளேயே வாழக் கற்றுக்கொண்ட செடித்தவளை ஒன்று உண்டு. ஆட்கள் இருக்கும் இடமெல்லாம் இருப்பதால் 2005இல் அதற்கு ‘பொபியூலரிஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். மண்ணுக்குள் வாழும் காலில்லாத ஈரூடகவாழியும் உண்டு. சிசிலியன் என்பார்கள், உடல் நெடுக மோதிரம் மோதிரமாகக் கோடு, இரண்டு பக்கமும் மஞ்சள் பட்டை. பார்த்த உடனே பாம்பு என்று மண்வெட்டியால் போட்டுவிடுகிறார்கள். கடிக்கப் போகும் ஜீவன் இல்லை. சுவிட்சர்லாந்தின் பால் சரசின், பிரிட்ஸ் சரசின் இருவரும் 1883 முதல் 1886 வரை இலங்கையில் தங்கி இதன் வளர்ச்சியை ஆராய்ந்து பெரிய நூலே எழுதினார்கள். தாய் ஈர மண்ணில் குழி பறித்து, மாலை மாதிரிக் கோத்த முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்து அடைகாக்கும். முட்டைக்குள்ளே குஞ்சுக்கு இறகு மாதிரி மூன்று சோடி வெளிச் செவுள்கள். பொரித்ததும் அவை உதிர்ந்து, குஞ்சு பக்கத்துத் தண்ணீரில் இறங்கி வளர்ந்து, பிறகு மண்ணுக்குத் திரும்பும். எங்கள் காலுக்குக் கீழே நடக்கும் இந்தத் தாய்மையைப் பற்றிய முதல் பெரிய நூல் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. தமிழில் ஒரு பக்கம்கூட எங்கள் கையில் படவில்லை.

மருந்தடிக்கிற விஷயத்தையும் சொல்லணும். தவளை தோலால் மூச்சுவிடும், தண்ணீரும் தோலால்தான் குடிக்கும். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்பு சொன்ன மணற்கடிகார மரத்தவளையின் வாற்பேய்களை விவசாய மருந்துகள் கலந்த தண்ணீரில் வளர்த்துப் பார்த்தபோது முதுகு வளைந்தும் வீங்கியும் குஞ்சுகள் வந்தன. அந்த மருந்துகளில் ஒன்று கிளைபோசேட். 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். அந்த டாங்கியை முதுகில் சுமந்து நடப்பவருக்கும் தோல்தான் இருக்கிறது. தடையிருந்த காலத்தில் களை மண்டி, அட்டைக்கும் பாம்புக்கும் நடுவே கொழுந்தெடுத்தவர்கள் எங்கள் அம்மாமார் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். சூழல் பேசுகிற பலர் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த ஆய்வுகளைப் படித்தால் மறுபக்கம் தெரியும். பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இனங்களைப் பல நேரம் ஆண் தவளையின் குரலை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ராத்திரியில் எந்தப் பக்கம் எந்தச் சத்தம் வரும், எது கத்தினால் மழை, எது கத்தினால் மழை விடும் என்றெல்லாம் லயத்து அம்மாயிமாருக்கு ஒரு கணக்கு உண்டு. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் அந்தக் கணக்கு வேறு வேறாக இருக்கலாம். அடுத்த லீவுக்குத் தோட்டத்துக்குப் போகும்போது கேட்டு எழுதிக்கொண்டு வாங்க. முதலில் அந்த மஞ்சள் பட்டைச் சிசிலியனுக்கு உங்கள் தோட்டத்தில் என்ன பெயர் என்று.