மூங்கில் தூண்டிலுக்கு ரீல் பார்த்த கதை

மூங்கில் தூண்டில் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஏரிக்கரை, ஒரு நீளக் கம்பு, நரம்பு, தக்கை, முள்ளில் ஒரு மண்புழு. அவ்வளவுதான். அதற்கு ரீல் எதற்கு என்று கேட்டால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை டிரவுட் மீன் பிடித்தவர்கள் பலர் கையில் இருந்ததும் மூங்கில்தான். அந்த மூங்கிலுக்கு எந்த ரீலைப் பொருத்துவது என்று அவர்கள் 150 வருடமாக விவாதம் செய்துகொண்டு இருக்கிறார்கள். முதலில் வேடிக்கையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். போகப் போக இது பட்டு, பித்தளை, ரப்பர், பிளாஸ்டிக், கடைசியில் சீனாவோடு அமெரிக்கா போட்ட சண்டை வரை போகிற கதை என்று புரிந்தது.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தூண்டிலில் எடை இருப்பது ஈயக்குண்டிலோ இரையிலோ. அதை வீசினால் நூல் அதன் பின்னால் ஓடும். ஃப்ளை ஃபிஷிங் இதற்கு நேர் எதிர். இரை என்பது இறகும் நூலும் கட்டிய ஒரு பொய்ப் பூச்சி, எடையே கிடையாது. எடை இருப்பது தடிமனான நூலில்தான். சாட்டையைச் சுழற்றுவது போல நூலையே முன்னும் பின்னும் வீச வேண்டும். ஆகவே வீசும்போது ரீலுக்கு வேலையே இல்லை! அது நூலைச் சுற்றி வைக்கும் ஒரு சக்கரம், அவ்வளவுதான். வேலையே இல்லாத ஒரு பொருளுக்கு ஏன் இத்தனை சண்டை என்பதுதான் என்னை இழுத்த கேள்வி.

ரீல் ஒன்றும் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு இல்லை. கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆதாரங்களில் ஒன்று சீன ஓவியர் மா யுவான் 1195-ஐ ஒட்டி வரைந்த படம். குளிர்கால ஏரியில் சின்னப் படகில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார், அவர் கம்பில் ஒரு குட்டிச் சக்கரம். இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் தாமஸ் பார்க்கர் 1651-ல் எழுதிய புத்தகத்தில்தான் ரீல் பற்றிய பேச்சே வருகிறது. நானூற்றைம்பது வருடம் லேட்!

சரி, மூங்கிலுக்கு வருவோம். இது நம் ஊர் போல முழு மூங்கில் கம்பு அல்ல. மூங்கிலைப் பிளாச்சு பிளாச்சாகப் பிளந்து, முக்கோணமாகச் சீவி, ஒட்டிச் செய்வது. அமெரிக்காவில் இதைத் தொடங்கியவராகச் சொல்லப்படுபவர் பென்சில்வேனியா மாநிலம் ஈஸ்டன் ஊரில் இருந்த துப்பாக்கி செய்பவர் சாமுவேல் ஃபிலிப், 1840-களில். மெயின் மாநிலத்து பேங்கரில் ஹைராம் லெனார்ட் 1870-களில் ஆறு பிளாச்சுகளை ஒட்டி அறுகோணக் கம்பாக்கி, பிளாச்சு சீவ மெஷினும் வைத்து இதைப் பெரிய தொழிலாக்கினார்.

அந்த மூங்கில் எங்கிருந்து போனது தெரியுமா? இந்தியாவிலிருந்து! கல்கத்தா துறைமுகம் வழியாகப் போனதால் அதன் பெயரே 'கல்கத்தா கேன்'. நம்மூரில் கல் மூங்கில் என்று சொல்லும் கெட்டி வகைதான் அது என்று சொல்கிறார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இடத்தை சீனாவின் 'டோன்கின்' மூங்கில் பிடித்தது. டோன்கின் என்பது வியட்நாமின் வடபகுதி, மூங்கில் வளர்வதோ குவாங்டாங் மாகாணத்தில். வியாபாரிகள் வைத்த பெயர் அப்படி. 1931-ல் மெக்லூர் என்ற தாவரவியலாளர் அதற்கு முறையான பெயர் வைத்தபோது 'அமாபிலிஸ்' என்ற சொல்லைச் சேர்த்தார். லத்தீனில் 'அழகானது' என்று பொருள். கல்கத்தாக்காரனுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான் :-)

இப்போது ரீல். அந்தக் காலத்து நூல் பட்டு. ஆளி விதை எண்ணெய் ஊட்டிப் பதப்படுத்திய பட்டு நூல், அதன் மேல் கொழுப்பு தடவினால்தான் தண்ணீரில் மிதக்கும். ஈரத்தோடு சுற்றி மூடி வைத்தால் உளுத்துப் போகும். மீன் பிடித்துவிட்டு வந்ததும் நூல் முழுவதையும் ரீலிலிருந்து கழற்றி உலர்த்த வேண்டும், அது தினசரி வேலை. அப்போது புழங்கிய ரீல்களில் பல அகலமான, மூடிய பித்தளைச் சக்கரங்கள். நடுவில் இருக்கும் நூலுக்குக் காற்றே போகாது.

வெர்மான்ட் மாநிலம் மான்செஸ்டரில் 1856-ல் தொழில் தொடங்கிய சார்லஸ் ஆர்விஸ் இதற்கு ஒரு வழி கண்டார். 1874-ல் அவர் காப்புரிமை வாங்கிய ரீலைப் படத்தில் பார்த்தாலே புரியும். குறுகலான சக்கரம், இரு பக்கத் தகடுகளிலும் சல்லடை போல ஓட்டை. கம்புக்குக் கீழே நேராகத் தொங்கும். ஓட்டைகளால் நூல் உலரும், உலோகம் குறைவதால் எடையும் குறையும். சக்கரம் குறுகலாக இருப்பதால் நூல் அகலத்தில் பரவாமல் உயரமாகச் சேரும், அதனால் ஒரு சுற்றுக்கு அதிக நூல் ஏறும். ஒரே மாற்றத்தில் மூன்று லாபம். அமெரிக்க ஃப்ளை ரீலின் உருவம் இங்கேதான் நிலைத்தது என்று ரீல் சேகரிப்பவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். இன்றும் அந்த ஓட்டைகள் இருக்கின்றன. பட்டு போய்விட்டது, ஓட்டை போகவில்லை.

லெனார்ட் 1877-ல் வேறு வழியில் போனார். தகடுகளை இணைக்கும் தூண்களைத் தகட்டின் விளிம்புக்கு வெளியே தூக்கி வைத்த ரீல் அது. சட்டம் பெரிதாகாமலே அதிக நூல் கொள்ளும். தகடுகளுக்கு எபொனைட் என்ற கெட்டி ரப்பரும் பயன்பட்டது. கம்பு செய்பவரே ரீலும் விற்றதைக் கவனியுங்கள். அவர் கம்புகள் மெலிந்தவை, அதில் பழைய பித்தளைச் சக்கரத்தை மாட்டினால் எலிக்கு யானைக்கால் போல இருக்கும்.

இங்கிலாந்தில் கதை வேறு. ஆல்னிக் ஊரின் ஹார்டி சகோதரர்கள் 1891-ல் 'பர்ஃபெக்ட்' என்ற ரீலைக் கொண்டு வந்தார்கள். உள்ளே சைக்கிளில் இருப்பது போல பால் பேரிங். ஆரம்பத்தில் முழுப் பித்தளை, நல்ல கனம். பின்னால் அலுமினியக் கலவைக்கு மாறினார்கள். அங்கே கம்புகள் நீளம், 10 அடி கூட சாதாரணம். நீளக் கம்பு முன்பக்கம் சாயும், கனமான ரீல் பின்பக்கம் இழுக்கும். அமெரிக்கக் கம்பு குட்டையாகிக்கொண்டே போனதால் கனமான ரீல் தேவைப்படவில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் எதிரெதிராகப் பேசியதற்குக் காரணம் பெரும்பாலும் கம்பின் நீளம்தான் என்பது என் எண்ணம்.

அந்தப் பேச்சின் மையம் 'பேலன்ஸ்'. கம்பின் எடையைப் போல ஒன்றரை மடங்கு ரீல் வேண்டும் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. சீசா பலகைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 4 அவுன்ஸ் கம்பு, அதன் எடை மையம் அடியிலிருந்து 24 அங்குலத்தில் என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியின் முன்முனை 10 அங்குலத்தில், ரீல் 2 அங்குலத்தில். முன்பக்கம் 4 பெருக்கல் 14, அதாவது 56. பின்பக்கம் 8 அங்குலம்தான். 56 வகுத்தல் 8, ஆக 7 அவுன்ஸ் ரீல் வேண்டும். பழைய கணக்கு சும்மா சொன்னதில்லை!

ஆனால் இதில் ஒரு ஓட்டை (ஆர்விஸ் ஓட்டை இல்லை). கம்பு விரலில் சமமாக நிற்கும், சரி. கை தூக்குவதோ மொத்தம் 11 அவுன்ஸ், அதுவும் நாள் முழுக்க. வீசும்போது கனமாகத் தெரிவது நுனி. கைக்கு அருகில் எவ்வளவு எடை சேர்த்தாலும் நுனியின் எடை குறையாது. மூங்கில் கம்பே கிராஃபைட்டை விட கனம், அதற்கு மேல் சுமை எதற்கு? நான் லெனார்ட் கட்சி. 8 அடிக் கம்புக்கு 3 அங்குல ரீல், 4 அவுன்ஸ் பக்கம் இருந்தால் போதும். கம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் சாயட்டும்.

எடையை விட முக்கியமான ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: நூல் கொள்ளுமா? பட்டுக் காலத்தில் நூலைத் தடிமனை வைத்து எழுத்தால் குறித்தார்கள். 'எச்.டி.எச்.' என்றால் இரு முனைகளும் 0.025 அங்குலம், நடு உடல் 0.045 அங்குலம். பிறகு நைலானும் பி.வி.சி. பூச்சும் வந்ததும் இந்தக் கணக்கு உடைந்தது, ஏனென்றால் தடிமன் ஒன்றானாலும் எடை வேறு. 1961-ல் அமெரிக்கத் தூண்டில் தயாரிப்பாளர் சங்கம் எடைக் கணக்குக்கு மாறியது. முதல் 30 அடி 140 கிரெயின் (சுமார் 9 கிராம்) இருந்தால் அது 5-ம் எண். பழைய எச்.டி.எச். ஏறக்குறைய 5 அல்லது 6-ம் எண்ணுக்குச் சமம். ஆனால் மிதக்கும் பி.வி.சி. நூல் பட்டை விடப் பருமன். தாத்தா காலத்து ரீலில் தாத்தாவின் பட்டு நூல் கச்சிதமாக உட்காரும், இன்றைய 5-ம் எண் நூலைச் சுற்றினால் தூணில் உரசும். கம்புக்கேற்ற ரீல் என்று வாங்கி நூலுக்கேற்காமல் போவது இப்படித்தான்.

பிரேக் விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். சக்கரம் தானாக ஓடாமல் தடுக்கும் 'கிர்ர்ர்' சத்தமிடும் நாக்கு ஒன்று போதும். டிரவுட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

1950 டிசம்பரில், கொரியப் போரின்போது, அமெரிக்கா சீன வணிகத்தைத் தடை செய்தது. டோன்கின் மூங்கில் வரத்து நின்றது. கையிருப்பு வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள், மற்றவர்களின் இடத்தை ஃபைபர் கிளாஸ் எடுத்துக்கொண்டது. தடை தளர்ந்தது 1971-ல். அதே வருடம் ஆர்விஸ் கம்பெனி சி.எஃப்.ஓ. என்ற லேசான ரீலைக் கொண்டுவந்தது. நிறுவனரின் பெயர் எழுத்துகள், உடம்பெல்லாம் ஓட்டை, செய்து கொடுத்ததோ இங்கிலாந்தின் ஹார்டி! தற்செயல்தான், ஆனாலும் நூறு வருடப் போட்டிக்கு நல்ல முடிச்சு. அடுத்த சில வருடங்களில் கிராஃபைட்டும் வந்துவிட்டது. மூங்கில் பிழைத்ததற்கு ஒரு புத்தகமும் காரணம். எவரெட் கேரிசன் என்ற பொறியாளர் கம்பின் நீளம் நெடுக விழும் அழுத்தத்தைக் கணக்குப் போட்டுச் செய்தவர். அவர் முறையை ஹோகி கார்மைக்கேல் (இசையமைப்பாளரின் மகன்) 1977-ல் புத்தகமாக்கினார். அதைப் படித்துக் கம்பு செய்யக் கற்றவர்கள் ஏராளம்.

கடைசியாக, யாராவது நிஜமாகவே பழைய ரீல் வாங்கப் போனால் முதலில் அதைத் திருப்பி அடிப்பாதத்தைப் பாருங்கள். அந்தக் காலக் கம்புகளின் பிடியும் ரீலின் பாதமும் எப்போதும் ஒத்துப்போகாது. நுழையாத பாதத்தை அரத்தால் அராவி நுழைத்தவர்கள் நிறைய. அப்படி அராவிய ஹார்டி ரீல் நன்றாகத்தான் சுற்றும், விலை மட்டும் நன்றாக இறங்கிவிடும். மீன் பிடிக்க மட்டும்தான் என்றால் அதையே வாங்குங்கள், முதலில் உங்கள் கம்பில் மாட்டிப் பார்த்துவிட்டு.