வான்படமும் வன்னி வரலாறும்

வன்னியின் வரலாறு குளத்துக்கும் காட்டுக்கும் இடையே நிகழ்ந்த போட்டியின் வரலாறு எனலாம். குளம் உடைந்தவிடத்திற் காடு புகுந்தது. காடு திருத்தியவிடத்தில் வயல் விளைந்தது. இம்மாற்றங்களை முன்னாளிற் காத்தவை நிலவளவைப் படங்களும், 1895 இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் போன்ற ஏடுகளுமே.

1972 இல் முதலாவது லான்ட்சற் செய்மதி விண்ணேறியபின் நிலம் தன் வரலாற்றைத் தானே பதியலாயிற்று. கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க்கதிரை நீர் விழுங்கும், பச்சிலை திருப்பியெறியும். ஆதலின் அக்கதிர்ப் படத்தில் நீர் கருமையாகவும் பயிர் ஒளிர்ந்தும் தோன்றும். ஒரே இடத்தின் பல்லாண்டுப் படங்களை ஒப்புநோக்கின், இரணைமடுக் குளம் மாரியிற் பரந்து கோடையிற் சுருங்குவதும், காடு குறைவதும் மீள்வதும் புலனாம்.

2009 இல் வான்படங்கள் வேறொரு பெருஞ்சான்றாயின. போர்முனைக்குச் செய்தியாளர் தாமாகச் செல்லவியலாத அந்நாளில், முல்லைத்தீவுக் கரையோரத்தின் மே 6, 10 ஆந் திகதிப் படங்களை அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தார் ஒப்பிட்டு, மக்கள் தங்கிய கூடாரங்கள் மறைந்தமையையும் கட்டடங்கள் அழிந்தமையையும் எடுத்துக்காட்டினர். இடம்பெயர்ந்தோர் வாழ்ந்த வவுனியா மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆயினும் அங்கு நிரைநிரையாய் நின்ற கூரைகளைப் பழைய படங்கள் இன்றும் காட்டும்.

எனினும், கூரை மறைந்தமையைக் காட்டும் படம் அதன்கீழ் வாழ்ந்தார் யாவர் என உரையாது. குளத்தின் பரப்பைக் காட்டும்; அதற்கு ஊரார் இட்ட பெயரின் காரணத்தைக் காட்டாது. அப்பெயர்களையும் காணி உறுதிகளையும் முதியோர் நினைவையும் படத்தோடு சேர்த்துப் பேணுதல் வரலாற்று மாணவர் கடன். அம்முதியோர் மறையுமுன் இக்கடன் நிறைவேறுதல் வேண்டும்.