ஆப்பிள்காரியின் மேசையிலிருந்து கற்பிட்டிக் கரைக்கு

புத்தளம் மாவட்டத்தின் கரையோர ஊர்களில் மகஜர் என்பது அன்றாடப் பொருள். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பல் தோட்டத்தில் படிகிறதென்றால் ஒரு மகஜர். கிணற்றில் உப்பு ஏறிவிட்டது, குழாய்த் தண்ணீர் தாருங்கள் என்று இன்னொன்று. கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொண்டுவந்து கொட்டாதே என்று 2018, 2019இல் புத்தளம் எழும்பி நின்றபோது பெண்களும் பிள்ளைகளோடு தெருவுக்கு வந்தார்கள். இப்படியான தாள்களின் மேல்பாதியில் வேண்டுகோள் இருக்கும். கீழ்ப்பாதியில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். கையெழுத்துப் போடத் தெரியாத வயதான உம்மாமாருக்காக யாராவது மைப்பெட்டியும் கொண்டுவந்திருப்பார்கள்.

அந்தக் கீழ்ப்பாதியின் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். பெண்ணுக்கு வாக்குச் சீட்டு கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே அவள் பெயர் மகஜரில் ஏறிவிட்டது. ஆட்சியில் பங்கில்லாத ஒருத்தி ஆட்சியாளரைப் பார்த்து, நான் இருக்கிறேன், என் பெயர் இது என்று எழுதிக் காட்ட அவளுக்கு இருந்த ஒரே இடம் அதுதான்.

1866 ஜூன் 7ஆம் திகதி எமிலி டேவிஸ், எலிசபெத் காரெட் என்ற இரு பெண்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு ஒரு பெரிய தாள் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 1,500 பெண்கள் ஒப்பமிட்ட மனு அது. நாடாளுமன்ற உறுப்பினர் ஜோன் ஸ்டுவர்ட் மில் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அவர் வரும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோர் கண்ணிலும் பட நிற்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. மண்டபத்தில் ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சொல்லி அவளுடைய மேசைக்குக் கீழே சுருளை ஒளித்துவைத்தார்கள். மில் வந்ததும் அதை வெளியே எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆப்பிள்காரிக்கு அந்த மனுவில் பங்கில்லை என்பதை நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். மனு கேட்டது சொத்துத் தகுதியுள்ள வீட்டுக்காரருக்கான வாக்கை. நாள்முழுக்க நின்று விற்கிற பெண்ணுக்கு அதனால் எதுவும் கிடைத்திருக்காது. கணவனோடு வாழும் பெண்ணுக்குச் சொத்து தன் பெயரில் நிற்காத காலம் அது என்பதால், மணமான பெண்களில் பெரும்பாலோருக்கும் கிடைத்திருக்காது. ஆனாலும் மனுவுக்கு ஒளிவிடம் கொடுத்தவள் அவள்தான்.

27 ஆண்டுகளுக்குப் பின்னர் நியூசிலாந்தில் கேட் ஷெப்பர்டும் அவருடைய தோழிகளும் வீடு வீடாக, பண்ணை பண்ணையாகப் போய் வாங்கிய ஒப்பங்களை ஒட்டிச் சேர்த்தார்கள். தாள் 270 மீற்றர் நீண்டது. அதைத் துடைப்பத் தடியில் சுற்றி, நாடாளுமன்ற உறுப்பினர் சேர் ஜோன் ஹோல் சபையின் தரையில் உருட்டிவிட்டார். அவர்கள் வாக்குக் கேட்டது வளர்ந்த பெண்கள் எல்லோருக்கும். 1893 செப்டெம்பர் 19ஆம் திகதி சட்டமானபோது மாவோரிப் பெண்களும் அதில் அடங்கினார்கள்.

நம் பக்கக் கடலுக்கு இந்தக் கோரிக்கை சென்னை வழியாக வந்தது. 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கான மந்திரி மொண்டேகு சென்னைக்கு வந்தார். சங்கத்தின் மார்கரெட் கசின்ஸ் பெண் கல்வி பற்றிப் பேச நேரம் கேட்டார். அரசியல் கோரிக்கையோடு வரும் குழுக்களையே சந்திக்க முடியும் என்று பதில் வந்தது. அப்படியானால் அரசியலையே கேட்போம் என்று மனுவில் வாக்குரிமை ஏறியது. சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் போய்க் கையளித்தார்கள். லண்டன் நேரடியாக ஒன்றும் கொடுக்கவில்லை, மாகாணங்களே முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிட்டது. 1921இல் சென்னை மாகாணம் சொத்துத் தகுதியோடு பெண்களுக்கு வாக்குக் கொடுத்தது. மன்னார்க் குடாவுக்கு அந்தப்பக்கம் நடந்தது இது. இந்தப்பக்கம் அப்போது ஆண்களிலேயே வாக்குள்ளவர் சொற்பம். 1924இன் ஏற்பாட்டில் இலங்கையின் மொத்த மக்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் வாக்காளர்.

இலங்கையின் கதையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஆக்னஸ் டி சில்வா கண்டியில் வாழ்ந்த பறங்கிப் பெண், சட்டத்தரணி ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி. 1925இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் மாநாட்டில், வரையறுக்கப்பட்ட அளவிலாவது பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்று வந்த தீர்மானத்தின் பின்னால் நின்றவர்களில் ஒருவர் அவர். 1927 நவம்பரில், இலங்கையின் அரசியலமைப்பை ஆராய லண்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு கப்பலிறங்கியது. டிசம்பர் 7ஆம் திகதி கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. கனடாவில் பிறந்து தமிழரை மணந்து கொழும்பில் வைத்தியம் பார்த்த டொக்டர் மேரி ரட்ணம், தமிழ் மருத்துவரான நல்லம்மா சத்தியவாகீஸ்வர ஐயர், பின்னாளில் அரசாங்க சபை உறுப்பினரான நேசம் சரவணமுத்து ஆகியோர் அதில் இருந்தார்கள். சிங்களப் பெரிய வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். வசதி படைத்தவர்களின் சங்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் மனதில் இருந்ததும் படிப்போ சொத்தோ உள்ள பெண்களுக்கான வாக்குத்தான்.

ஆணைக்குழு முன் அவர்கள் சாட்சி சொல்லப் போன நாளைப் பற்றி ஆக்னஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். டொனமூர் பிரபு கனிவாகப் பேசியது அவர்களுக்குத் துணிவு கொடுத்தது. தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று அவர் வினவினார். ஆக்னஸ் தயங்கவில்லை. அவர்களும் பெண்கள்தானே, எங்களுக்கு எல்லாப் பெண்களும் வாக்குப் பெற வேண்டும் என்ற பொருளில் பதில் சொன்னார். கொண்டுபோன கோரிக்கை சிறியது. ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னதில் அது பெரிதாகிவிட்டது. வெஸ்ட்மின்ஸ்டரில் ஆப்பிள்காரிக்குக் கிடைக்காமற்போன இடம் கொழும்பில் கொழுந்து பறிப்பவளுக்குக் கிடைத்தது. இலங்கைப் பெண்களின் வாக்குரிமை வரலாற்றில் நான் மிக உயர்வாக மதிக்கும் கணம் அதுவே.

எதிர்ப்பும் இருந்தது. தமிழ்த் தலைவர்களில் மிகப் பெரியவரான பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்று நின்றார். பெண்களுக்காகப் பாடசாலை கட்டியவர் அவர் என்பது இந்த எதிர்ப்பை இன்னும் கசப்பாக்குகிறது. ஆணைக்குழு 1928இல் தந்த அறிக்கை ஆணுக்கு 21 வயதிலும் பெண்ணுக்கு 30 வயதிலும் வாக்கு என்று பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வந்தபோது அந்த வித்தியாசம் நீங்கி இருவருக்கும் 21 ஆனது.

1931 ஜூனில் முதல் தேர்தல். வாசிக்கத் தெரியாதவரும் பிழையில்லாமல் வாக்குப் போடட்டும் என்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். புத்தளமும் ஒரு தொகுதியாக இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மட்டும் நான்கு தொகுதிகளிலும் வேட்புமனு விழவில்லை. முழுச் சுதந்திரம் வேண்டும் என்ற வாலிபர் காங்கிரசின் அறைகூவலில் தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டது. இலட்சியம் பெரிதுதான். ஆனால் அங்குள்ள பெண்கள் தங்கள் முதல் வாக்குக்கு 1934 வரை காத்திருக்க நேர்ந்ததை பகிஷ்கரிப்பைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அதிகம் சொல்வதில்லை.

ஆக்னஸ் வாக்குக் கேட்ட அந்தத் தோட்டப் பெண்களுக்கு என்ன நடந்தது? முதலிலேயே நிரந்தரக் குடியிருப்பை நிரூபி என்று தோட்டத் தொழிலாளருக்குத் தடைகள் வைக்கப்பட்டன. சுதந்திரம் வந்த ஆண்டிலேயே 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜையல்லாதார் பெயர்களை இடாப்பிலிருந்து எடுத்தார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் 18 ஆண்டுகள் இருந்த வாக்கை இழந்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

வாக்கு ஓர் ஆளின் பெயரில் மட்டும் இருப்பதில்லை, ஒரு முகவரியிலும் இருக்கிறது. இதைப் புத்தளத்துக்குக் கற்பித்தது 1990 ஒக்டோபர். அந்த மாதக் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் முழுப்பேரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் சில மணித்தியால அவகாசம். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறியவர்கள் கடலைக் கடந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். ஐந்து மாவட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 75,000 பேர். மிகப் பலர் புத்தளத்தில், ஆலங்குடா முதலான இடங்களில் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தார்கள். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பலருக்குக் கையில் இல்லை. சொந்தக் காணியில் இருந்த பெண்கள் கற்பிட்டியின் சின்ன வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குக் குனிந்தார்கள்.

வாக்காளர் இடாப்பைப் புதுப்பிக்க வரும் படிவம் பிரதான குடியிருப்பாளரின் பெயரைக் கேட்கும், வீட்டிலக்கத்தைக் கேட்கும். கொட்டிலில் இருக்கிறவள் எந்த வீட்டை எழுதுவாள்? மன்னாரில் பதிந்தால் ஊரோடுள்ள உரிமை நிற்கும், ஆனால் புத்தளத்தில் பாடசாலைக்கும் நிவாரணத்துக்கும் உத்தியோகத்துக்கும் வெளியாள். புத்தளத்தில் பதிந்தால் இங்கே காரியம் நடக்கும், மன்னார்க் காணியை நீயே விட்டுவிட்டாய் என்று நாளைக்கு யாரும் சொல்லலாம். பல வீடுகளில் இந்தப் பேச்சு நடந்தது.

“உம்மா, நீங்களும் இஞ்ச பதிஞ்சா என்ன? நாங்க இஞ்சதானே இருக்கிறம்.”

“நீ இஞ்ச பிறந்தவ மகள், நீ பதி. என்ட பேரை நான் ஊர்ல இருந்து எடுக்க மாட்டன்.”

புத்தளத்தவருக்கும் சுமை இருந்தது. ஏற்கெனவே தண்ணீருக்கும் வேலைக்கும் இடுக்கமான கரையில் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். முதல் நாட்களில் சமைத்துக் கொடுத்த அதே ஊர்களில் பின்னர் முணுமுணுப்பும் வந்தது. இரண்டும் உண்மை.

இடம்பெயர்ந்தோருக்காகப் புத்தளத்தில் விசேட வாக்களிப்பு நிலையங்கள் வைக்கப்பட்ட தேர்தல்கள் உண்டு. பழைய ஊரிலேயே பதிய வழிசெய்யும் விசேட ஏற்பாட்டுச் சட்டம், 27ஆம் இலக்கம், 2017இல் வந்தது. ஆனால் சட்டம் இடாப்பில் பெயரை வைத்துவிட்டால் ஆளும் அங்கே போக வேண்டும். கடலோரமாகப் பார்த்தால் மன்னார் கிட்டத்தான். இடையில் வில்பத்துக் காடு. ஆகவே அநுராதபுரப் பக்கமாகச் சுற்றிப் போகிறார்கள். 2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலன்று விடியுமுன் புத்தளத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பஸ்கள் மன்னாருக்குப் புறப்பட்டன. தந்திரிமலைப் பக்கத்தில் யாரோ பாதையை மறித்து, பஸ்களுக்குக் கல்லெறிந்து, துப்பாக்கியாலும் சுட்டார்கள். யாருக்கும் உயிராபத்து இல்லை. பஸ்கள் தொடர்ந்து போயின. புள்ளடி போட்டுவிட்டு மறுபடி அதே நீண்ட பாதையில் திரும்பினார்கள். நியூசிலாந்தின் துடைப்பத் தடியைப் படத்தோடு போடும் வாக்குரிமை வரலாற்றுப் புத்தகங்களில் இந்தப் பஸ்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்கிறேன்.

மகஜரின் பயணம் புத்தளத்தில் இன்னொரு கிளையாகவும் போகிறது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஜுவைரியா மொஹிதீன் இங்கே முஸ்லிம் பெண்களுக்கான ஓர் அமைப்பைக் கட்டினார். முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்தில் பிள்ளைத் தாபரிப்புக்காக அலைகிற பெண்கள் அங்கே வருகிறார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி பெண் காதியாக முடியாது. விவாகப் பதிவாளராகவும் முடியாது. பதிவுப் படிவத்தில் மணமகன் ஒப்பமிடுவான், மணமகளுக்காக வலி என்ற ஆண் பாதுகாவலர் ஒப்பமிடுவார். மணமகள் ஒப்பமிட அதில் இடமே வைக்கப்பட்டிருக்கவில்லை. 18 வயதில் ஜனாதிபதியைத் தெரிவு செய்கிறவள் தன் கலியாணப் பதிவில் பெயரை எழுத முடியாமல் இருந்தாள்.

இதை மாற்றக் கேட்டுப் புத்தளத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பெண்கள் கொழும்புக்கு மகஜர் கொண்டுபோகிறார்கள். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து 2018 ஜனவரியில் அது அறிக்கை தந்தது, அதுவும் இரண்டு கருத்தாகப் பிரிந்து. கேட்டுப் போன பெண்கள் ஊரில் ஏச்சு வாங்கினார்கள், மார்க்கத்துக்கு விரோதம் என்று பழி கேட்டார்கள். மார்க்கத்தை விட்டுவிட்டு அல்ல, அதற்குள் நின்றுதான் கேட்கிறோம் என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதை நான் முழுதாக நம்புகிறேன். மணமகளின் கையொப்பத்துக்குப் பதிவுப் படிவத்தில் ஒரு கோடு போடுங்கள் என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று.