தவிட்டுக்குள் ஒரு வில்லன்

தஞ்சாவூர்ப் பக்கம் போய், 'தவிடு எதுக்கு?' என்று கேளுங்கள். 'மாட்டுக்கு!' என்பார்கள். ஆனால், 100 கிலோ நல்ல தவிட்டில் 15 முதல் 20 கிலோ எண்ணெய் இருக்கிறது, தெரியுமோ? கூடவே ஒரு வில்லனும்... லிப்பேஸ் என்கிற நொதி! நெல் முழுசாக இருக்கும்வரை இருவரும் தனித்தனி. தீட்டித் தவிடானதும் கலந்துவிடுவார்கள். சில மணி நேரத்திலேயே எண்ணெய் அமிலமாக மாற ஆரம்பிக்கும். முற்றிப்போனால் சமையலுக்கு உதவாது, சோப்புக்குத்தான்! அதனால்தான் பச்சரிசித் தவிட்டை உடனே ஆவியில் சூடாக்கி, வில்லனை முடக்குகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், புழுங்கலரிசிக்காக அண்டாவில் நெல் அவித்த நம்ம பாட்டிமார்கள், தெரியாமலே இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். புழுங்கல் தவிட்டில் எண்ணெயும் கூடுதல்!

அப்புறம் ஏன் எண்ணெய் எடுக்கவில்லை? பழைய ஹல்லர் மில்தான் காரணம். அது உமியையும் தவிட்டையும் சேர்த்தே அரைத்துத் தள்ளியது. உமியில் ஏது எண்ணெய்? கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது.

1960-களில் வந்த நவீன அரிசி ஆலைகள், ரப்பர் உருளைகளால் உமியைத் தனியே கழற்றின. (1967-ல் திருவாரூர் ஆலை வளாகத்தில் பிறந்த குட்டி ஆய்வுக்கூடம்தான், இன்று தஞ்சாவூரில் இருக்கும் நிஃப்டெம்.) சுத்தமான தவிடு எண்ணெய் ஆலைக்கு லாரி ஏறியது. மாட்டுக்கு மிஞ்சியது, எண்ணெய் எடுத்த தவிடு!